பின்னாலிருந்து எடுத்த செத்தவீடு

பத்தொன்பது வருடங்களாக ஓர் அமெரிக்க இயக்குநரை நான் ‘அவர்’ என்றுதான் சொல்லி வந்தேன். இந்தக் குளிர்காலத்திலிருந்து ‘அவன்’ என்கிறேன். அவனுக்கு இது தெரியப்போவதில்லை. சிட்னியின் மேற்கில் வார நாட்களில் மற்றவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, சனி ஞாயிறில் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று கமரா தூக்கிக்கொண்டு அலைகிற ஐம்பது வயதுக்காரி ஒருத்தி அவனுடைய மரியாதையைப் பறித்துவிட்டாள் என்று எந்தப் பத்திரிகை எழுதும்? நானே எழுதுகிறேன்.

அவன் முகத்தைக் காட்டமாட்டான். அவனுடைய பேர், புகழ், பாணி எல்லாம் அதுதான். அவனுடைய படத்தில் ஒருத்தி அழத் தொடங்கினால் கமரா மெதுவாகத் திரும்பி அடுப்பில் கொதிக்கிற கேத்தலைப் பார்க்கும். ஒரு தகப்பன் தொலைபேசியில் மரணச் செய்தி கேட்டுக்கொண்டு நிற்பான், நாங்கள் அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்போம், மூன்று நிமிடம், நான்கு நிமிடம், கழுத்துப்பட்டி வியர்வையில் நனைகிற மட்டும். துக்கப்படுகிறவரின் முகத்துக்கு நேரே கமராவைக் கொண்டுபோய் நீட்டுவது களவு என்பது அவன் கட்சி. ஏறிய மேடையெல்லாம் அதையே சொன்னான். நான் நம்பினேன். நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் கேடில்லை. நான் அதைச் செய்தும் பார்த்தேன்.

ஒரு தாய்க்கு அவளுடைய மகனின் முகத்தைக் கடைசியாகக் காட்டுகிற வேலையை என்னிடம் தந்தார்கள். நான் அவளுக்கு முதுகுகளைக் காட்டினேன்.

ஏன் அவனை அப்படி நம்பினேன் என்பதைச் சொல்லாமல் திட்டினால் அது நியாயமாகாது. மெல்பேர்னில் என்னுடைய முதல் மூன்று வருடங்கள், த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பாதையில் இருந்த ஒரு மோட்டலில் அறை துப்புரவாக்கினேன். ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை. கோயிலுக்குப் போகிற எங்கள் சனத்தின் கார்கள் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே போகும். நான் குனிந்துகொள்வேன், யாராவது கண்டுவிடுவார்கள் என்று. நூலகத்தில் டிவிடி இரவல் தருவார்கள். அட்டையில் பனி மூடிய ஒரு மோட்டல் இருந்ததால்தான் அதை எடுத்தேன். அவனுடைய முதல் படம். சொந்த ஊரில், அயலட்டைச் சனத்தை நடிக்க வைத்து, இரவல் கமராவில் எடுத்தது.

அதில் ஒருத்தி கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறாள். கமரா வாசலில் நிற்கிறது, உள்ளே வரவில்லை. முதலாவது மூலையை மடித்துச் செருகுகிறாள். வெட்டில்லை. இரண்டாவது மூலை. வெட்டில்லை. மூன்றாவதில் நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கிறாள். நாலாவது மூலை முடிகிற மட்டும் அவன் பொறுத்துக்கொண்டு நின்றான். என்னுடைய கைகளை அதுவரைக்கும் யாரும் பொறுத்துக்கொண்டு நின்று பார்த்ததில்லை. வாடகை அறையின் தரைவிரிப்பில் இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டாம் தரமும் பார்த்தேன். அந்த நாலு மூலைக்காகத்தான் பத்தொன்பது வருடம்.

பிறகு அவனுடைய எல்லாவற்றையும் தேடித் தேடிப் பார்த்தேன். பஸ் கழுவுகிறவர்களைப் பற்றிய இரண்டாவது படம். செத்துப்போன தகப்பனின் வேலைக் கருவிப் பெட்டியை அண்ணனும் தங்கையும் பங்கு பிரிக்கிற மூன்றாவது படம். அதற்குத்தான் பெரிய பரிசு கிடைத்தது. அதன் பிறகு பெரிய கம்பனிக்காரர்கள் பணத்தைக் கொட்டி யுத்தப் படம் எடுக்கச் சொன்னார்கள். அதிலும் அவன் செத்தவர்களின் சப்பாத்துகளை மட்டும் காட்டினான். படம் படுத்துவிட்டது. ஆறு வருடம் ஆளைக் காணவில்லை, ஏதோ குளிர் மாநிலத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தான் என்றார்கள். திரும்பி வந்து மறுபடியும் சின்னப் படங்கள், மறுபடியும் பிடரிகள், கைகள், கதவு நிலைகள். விட்டுக்கொடுக்காத மனிதன் என்று நினைத்தேன். வாழ்க்கையில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து வந்தவளுக்கு இப்படி ஒருவன் தேவைப்பட்டான் போலிருக்கிறது.

சிட்னிக்கு வந்து, ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்து, மிச்சம் பிடித்து ஒரு கமரா வாங்கியபோது எனக்கு வேறு எப்படியும் எடுக்கத் தெரியவில்லை. தாலி கட்டுகிற நேரம் எல்லாருடைய கமராவும் பெண்ணின் முகத்துக்குப் பாய, என்னுடையது பின்னால் நின்று மாப்பிள்ளையின் நடுங்குகிற முழங்கையைப் பார்க்கும். தமிழ்ச் சனம் இதை எவ்வளவுக்குப் பொறுக்கும்?

“அக்கா, வீடியோ நல்ல வடிவு,” என்று ஒரு பெண்ணின் தாய் தொலைபேசியில் சொன்னா. “ஆனா எங்கட மாமான்ர முதுகு நாலு நிமிசம் நிக்குது. அந்தாளுக்கே அவ்வளவு நேரம் நிக்க ஏலாது.”

எனக்கு ‘முதுகுக் கமராக்காரி’ என்று பேர் வந்தது. வரட்டும் என்றிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இளம் சோடிகள் சிலர் அதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள்.

எனக்கொரு வேலைமுறை உண்டு. மண்டபத்தில் கமராவை அதன் மூன்று காலில் பூட்டியதும் ரெக்கோர்டை அழுத்திவிட்டு, லென்சைச் சூம் செய்து ஆரோ ஒருவருடைய முகத்துக்கு மிகக் கிட்டப் போய், கண் இமையில் போகஸ் பிடிப்பேன். இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் சரி. பிறகு எவ்வளவு பின்வாங்கினாலும் படம் தெளிவாகவே இருக்கும். அந்த முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வெட்டி எறிவது அதைத்தான்.

இந்தச் சாமான்களைத் தூக்க எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கிரவீனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மனைவியோடு வாடகைக்கு இருந்தவன். என்னைவிட நாலு வயது இளையவன். ஒரு குளிர்சாதனக் கிடங்கில் சரக்குத் தூக்கி வாகனம் ஓட்டுகிற வேலை. அகதியாக வள்ளத்தில் வந்தவன், தற்காலிக விசாவில் பதினான்கு வருடம், ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பதால் போகாமலே பதினான்கு வருடம். சனிக்கிழமைகளில் கமராக் காலைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான், சம்பளம் வேண்டாம், சாப்பாடு போதும் என்று. ஞாயிறுகளில் அவனையும் மனைவியையும் இருத்தி வைத்து அமெரிக்கனின் படங்களைப் போட்டுக் காட்டினேன்.

“அக்கா, இவருக்கு முகம் எடுக்கிறதெண்டாத் தனியாக் காசு கட்டோணுமோ?” என்று கேட்பான்.

“பேசாமப் பாரும்.”

“இல்லை, இவ்வளவு நேரம் பிடரியைப் பாத்தா சலூன்காரனுக்குத்தான் கதை விளங்கும்.”

மனைவி அவனுடைய தொடையில் கிள்ளுவாள். ஆனால் முழுப் படத்தையும் பார்ப்பான்.

ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் ஊரிலிருக்கிற தாயோடு வீடியோவில் கதைப்பான். சாப்பாட்டுப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சோறு தின்றுகொண்டு கதைப்பான். போன் சரிந்துவிடும். தாய்க்குத் தெரிவது கிடங்கின் கூரை, ஒரு குழல் விளக்கு, கீழே அவனுடைய நெற்றி. அவ்வளவுதான். ஒரு நாள் கலியாணவீட்டுக்குப் போகிற வழியில் காருக்குள் அந்தக் கதையைக் கேட்டேன்.

“முகத்தைக் காட்டன் மோனை. உன்ர நெத்தியைத்தான் பதினாலு வருசமாப் பாக்கிறன்.”

“நெத்தி வடிவா இருக்கோ அம்மா?”

“மயிர் கொட்டுது. எண்ணெய் வை.”

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் கிடங்கில், வாகனத்தின் இருக்கையிலேயே செத்துப்போனான். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. மதிய இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அடுத்த நாள் போனபோது அவனுடைய மனைவி குசினியில் நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காராமல். தாய்க்கு விசா கிடைக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு எரிகூட மண்டபம் முக்கால் மணித்தியாலத்துக்குக் கிடைத்திருக்கிறது. நேரடியாக ஒளிபரப்ப வேண்டும்.

“எனக்கு வீடியோ ஒண்டும் வேண்டாம் அக்கா,” என்றாள். “மாமிக்கு அவற்ற முகம் வடிவாத் தெரிஞ்சாச் சரி. மனிசி வேற ஒண்டும் கேக்கேல்ல.”

“ஓம்,” என்றேன். “நான் பாத்துக்கொள்றன்.”

அந்த ‘ஓம்’ இன்னும் என் வாய்க்குள் கிடக்கிறது, துப்பவும் முடியாமல்.

வெள்ளிக்கிழமை நேரத்தோடு போனேன். முதல் முறையாகக் கமராக் காலை நானே தூக்கினேன். பெட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்கள். போகஸ் பிடித்தேன். நான் நின்றது மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், நட்டநடுவில், கால்மாட்டுப் பக்கம். சூமைப் பின்னுக்கு இழுத்துக் கமராவைக் கொஞ்சம் இறக்கினேன். அவனுடைய பாதங்கள், வேட்டிக் கரை, அதற்கப்பால் மாலைகளின் மேடு. முகம் மாலைக்குப் பின்னால் போய்விட்டது. சாளரத்தால் ஒரு துண்டு வெயில் வந்து தரையில் விழுந்தது. அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று நான் நினைத்தேன். என் தம்பியைப் போன்றவன் கிடக்கிறான், நான் வெயில் விழுகிற இடத்தைப் பார்த்துச் சட்டகத்தை ஒரு அங்குலம் நகர்த்தினேன்.

இதைவிட மோசமானதும் உண்டு. கிரியைக்கு முன்னால் மனைவியின் தமையனைக் கூப்பிட்டேன். மெல்பேர்னிலிருந்து வந்து கொள்ளிக்குரிய காரியங்களைச் செய்தவர். ஆட்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு படத்துக்குக் குறுக்கே வருகிறார்கள், ஒருக்கால் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “தயவுசெய்து ஒருத்தரும் போட்டோ எடுக்க வேண்டாம், அக்கா எல்லாத்தையும் எடுக்கிறா,” என்றார். நல்ல சனம். எல்லாரும் போனை உள்ளே வைத்தார்கள். என்னுடையதையும் சத்தத்தை நிறுத்திப் பைக்குள் போட்டேன்.

தேவாரம் படித்தார்கள். சுண்ணம் இடித்தார்கள். சனம் வரிசையாகப் போய் வாய்க்கரிசி போட்டது. கமரா அசையாமல் முதுகுகளைப் பார்த்தது. மனைவியின் முறை வந்தபோது நான் ஒரே ஒரு முறை கமராவைத் திருப்பினேன்: அவள் எழுந்து போன கதிரைக்கு. கதிரையில் ஒரு கைலேஞ்சி கிடந்தது. அதில் நின்றேன். அவன் அப்படித்தான் செய்திருப்பான், அமெரிக்கன்.

பக்கத்தில் இருந்த வயதான அங்கிள் ஒருவர் என் முழங்கையைத் தட்டினார். “பிள்ளை, கொஞ்சம் கிட்டப் போமன். ஊரில பாக்குதுகளெல்லோ.”

“ஓம் அங்கிள்,” என்றேன். அசையவில்லை.

பெட்டியை மூடினார்கள். திரை இழுபட்டது. முக்கால் மணித்தியாலம் முடிந்து அடுத்த செத்தவீட்டுக்காரர் வாசலில் நின்றார்கள்.

கார் தரிப்பிடத்தில் பைக்குள்ளிருந்து போனை எடுத்தேன். குடும்பக் குழுவில் ஊரிலிருந்து, கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து செய்திகள். முகம். முகம். கிட்டக் கொண்டு போங்கோ. ஆராவது அவவுக்குச் சொல்லுங்கோ. அம்மா கேக்கிறா. முகம். முகம். கடைசிச் செய்தியில் சொல்லே இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

அன்று பின்னேரம் தாய் என்னைக் கேட்டிருக்கிறா என்று மனைவி தன் போனை என் கையில் தந்தாள். தாய் போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்து பிடித்திருந்தா. முழு முகமும் தெரிந்தது. எழுபது தாண்டிய முகம், அழாத கண்.

“நீயோ பிள்ளை அந்தப் படம் எடுத்தது?”

“ஓம் அம்மா.”

“உனக்குக் கண் தெரியாதோ?”

போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“காலமை எட்டரையில இருந்து ரீவிக்கு முன்னால குந்தி இருக்கிறன். ஆற்றையோ முதுகுகளை எண்ணினன். பச்சைச் சீலை உடுத்த ஒரு கட்டைப் பொம்பிளை, சட்டைக் கொளுக்கி ஒண்டு கழண்டு கிடக்கு. அது தெரியுது. வெறுங் கதிரை தெரியுது. என்ர பிள்ளையின்ர முகம் தெரியேல்ல.”

“அம்மா, மரியாதைக்காகத்தான் தள்ளி நிண்டு...”

“ஆருக்கு மரியாதை?”

இந்தக் கேள்விக்குப் பத்தொன்பது வருடத்துப் பேட்டிகளில் எங்கேயாவது பதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

“எங்கட ஒழுங்கையில ரெண்டு வீட்டுக்குப் பூட்டின பெட்டி வந்தது, அந்தச் சண்டை நேரம்,” என்றா. “திறக்க விடேல்ல. அதில ஒரு மனிசி இண்டைக்கும் பிள்ளைக்கெண்டு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்குது. நீங்கள் திறந்த பெட்டியைப் பூட்டினமாதிரிக் காட்டிப்போட்டியள். அதுக்குள்ள கிடந்தது என்ர பிள்ளைதான் எண்டு எனக்கு ஆர் சொல்றது? காலைக் கண்டு நான் அழுறதோ?”

“நான் கண்டனான் அம்மா. அவர்தான்.”

“நீ கண்டனீ. நான் காணேல்ல.”

எட்டாம் நாளைக்கு இங்கே படைத்தார்கள். ஊரில் தாய் அடுப்பு மூட்டவில்லை, படத்துக்கு மாலை போட விடவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைப் பேச வந்த ஐயரைப் படலையோடு திருப்பி அனுப்பிவிட்டா என்று செய்தி வந்தது. முகம் காணாமல் ஒரு காரியமும் நடக்காது. மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். குறை சொல்லியிருந்தால் குடித்திருப்பேன்.

மண்டபத்துக்கு வந்த நூற்றைம்பது பேரில் ஒருவரிடமாவது ஒரு படம் இருக்காதா என்று கேட்டுப் பார்த்தேன். “நீங்கள்தானே அக்கா வேண்டாமெண்டனீங்கள்,” என்றார்கள், மிகவும் பணிவாக. மரணச் சேவைக்காரர்களுக்கும் எடுத்துக் கேட்டேன். அவர்கள் படம் எடுப்பதில்லையாம். ரத்தம் எடுக்கிற இடத்தில் ஆட்கள் ஊசி குத்தும்போது முகத்தை மறுபக்கம் திருப்புவார்கள். திருப்புங்கோ, பாக்க வேண்டாம் என்று நானே சொல்வதுண்டு. அந்த வாரங்களில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவர் திருப்பாமல் கடைசித் துளி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏன் என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்கனின் புதுப் படம் வந்தது. பட விழாவில், நகரத்துத் திரையரங்கில், ஒரு சனிக்கிழமை பகல் காட்சி. இரண்டு டிக்கெட் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன், எனக்கும் கூட்டாளிக்கும். “இதிலயாவது முகத்தைக் காட்டினாரெண்டா நான் உங்களுக்குக் கொத்துரொட்டி வாங்கித் தாறன்,” என்று பந்தயம் பிடித்திருந்தான். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பக்கத்துக் கதிரையில் என் குளிர்ச்சட்டையை வைத்தேன்.

படம் அமெரிக்கனுடைய தாயைப் பற்றியது. அவள் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. முதல் அரை மணித்தியாலம் வழக்கம் போல: ஜன்னல், கட்டிலின் இரும்பு, மருந்துக் குப்பிகள். பிறகு கமரா கிட்டப் போனது. இன்னும் கிட்டப் போனது. நான் நிமிர்ந்து இருந்தேன். அவளுடைய முகம் திரை முழுக்க வந்து நின்றது. பதினொரு நிமிடம். நான் எண்ணினேன். வெடித்த உதடு, மூக்கின் மேல் கண்ணாடித் தடம், ஒரு பக்கம் மட்டும் துடிக்கிற இமை. அவனுடைய கை சட்டகத்துக்குள் வந்து, ஈரப் பஞ்சால் உதட்டைத் தொட்டுவிட்டுப் போனது. அவள் மூச்சு நின்ற பிறகும் கமரா நகரவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். போதும் போதும் என்கிற மட்டும் பார்த்தான்.

அரங்கம் எழுந்து கை தட்டியது. அதன் பிறகு அவன் அனுப்பியிருந்த வாழ்த்துச் செய்தியைத் திரையில் போட்டார்கள். அவனுடைய முகம், நெற்றி முதல் தாடை வரைக்கும், ஒன்றும் குறையாமல். மேடையில் ஒரு பெண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு இது ஒரு கலைஞனின் முதிர்ச்சி, பாணியின் அடுத்த படி என்று பேசினாள்.

முதிர்ச்சி. ஒருவன் தன் வாழ்நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தன் தாய் என்று வந்ததும் ஓடிப்போய்க் கிட்ட நிற்கிறான், அதற்குப் பேர் முதிர்ச்சி. மோட்டல்காரியின் முகம் களவு, பஸ் கழுவுகிறவனின் முகம் களவு, இவனுடைய அம்மாவின் முகம் கலை. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. பிரிகிறவர்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மட்டும்தான் பிடரி.

ரயிலில் ஏறினேன். நான் கத்தியிருக்கலாம், எனக்கு முன்னால் இருந்த பிள்ளை தன் போனிலிருந்து தலையைத் தூக்கியிருக்கும், அவ்வளவுதான். பரமற்றாவைத் தாண்டும்போது கோபம் திசை மாறியது. அவன் என்னைச் செத்தவீட்டுக்குப் போகச் சொன்னானா? போனைப் பைக்குள் போடச் சொன்னானா? அங்கிள் முழங்கையில் தட்டியபோது என் காதைப் பொத்திக்கொண்டிருந்தது அவனுடைய கையா? அவன் ஒரு பாணியை வைத்திருந்தான், தேவைப்பட்டபோது கழற்றி வைத்தான், சட்டையைக் கழற்றுவது போல. நான் அதைத் தோலாக்கிக்கொண்டேன். முட்டாள். முதுகுக் கமராக்காரி.

ஈரப் பஞ்சோடு வந்த அந்தக் கை மறுபடியும் மறுபடியும் கண்ணுக்குள் வந்தது. வேறு ஒரு கையும் வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கை. அதை எங்கே கண்டேன்? ரயில் பெண்டில் ஹில்லில் நின்றபோது நினைவு வந்தது. பெட்டியைத் திறந்த நேரம். நேரடி ஒளிபரப்புத் தொடங்க முன்னம், நான் போகஸ் பிடித்த நேரம்.

நான் ரெக்கோர்டை அழுத்திவிட்டுத்தான் போகஸ் பிடிப்பேன்.

ஸ்ரேசனிலிருந்து வீடு வரைக்கும் ஓடினேன் என்று சொல்லமாட்டேன், எனக்கு முழங்கால் வருத்தம். ஆனால் சப்பாத்தைக் கழற்றவில்லை. அன்றிலிருந்து தொடாமல் வைத்திருந்த கமராவுக்குள் படம் பதிகிற அட்டை அப்படியே இருந்தது. வழக்கமாக அடுத்த நாளே எல்லாவற்றையும் ஏற்றி, வெட்டி, அழித்துவிடுகிறவள். இதைத் தொடப் பயந்துகொண்டு இருந்தபடியால் தப்பியிருந்தது.

பதினான்கு விநாடி. முதலில் மங்கல். பிறகு இமை, ஒவ்வொரு மயிராக. பிறகு முழு முகமும்: மூடிய கண், சவரம் செய்த தாடை, வாயோரம் கொஞ்சம் இழுபட்டபடி, ஏதோ பகிடி சொல்ல வந்து நிறுத்தியது போல. பெட்டியைத் திறந்த மரணச் சேவைக்காரரின் வெள்ளைக் கையுறை சீப்போடு வந்து தலைமயிரை இழுத்துவிட்டுப் போகிறது. பிறகு நான் பின்வாங்கிக் கமராவை இறக்குகிறேன். முகம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மாலைக்குப் பின்னால் போகிறது. என்னுடைய கையால் நானே அதைத் தள்ளிக்கொண்டு போவது தெரிகிறது.

அமெரிக்கனுடைய படங்களிலும் இப்படித்தான் இருக்கும். அவனும் எங்கேயாவது போகஸ் பிடித்திருப்பான். மோட்டல்காரியின் முகம் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடக்கும். வெட்டி எறிந்த முகங்கள்.

முதலில் மனைவியிடம் கொண்டுபோனேன். அவள் மடிக்கணினிக்கு முன்னால் குந்தி ஒருமுறை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “மாமி இந்நேரம் வீட்டிலதான் இருப்பா,” என்றாள். ஊரில் பகல் ஒன்றரை மணி. இங்கே மாலை ஆறு. அந்தியேட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அனுப்பிவிட்டு, வீடியோவில் எடுத்தோம். தாய் தன் போனில் கதைத்துக்கொண்டு, அயல்வீட்டுப் பெட்டை ஏந்திய மற்றப் போனில் அதைப் பார்த்தா. எங்களுக்குத் தெரிந்தது தாயின் முகம் மட்டும். பதினான்கு விநாடி. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். திரும்பிக் குசினியைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. பார்த்தேன்.

“இன்னொருக்காப் போடு,” என்று பெட்டைக்குச் சொன்னா.

மறுபடியும் பார்த்தா. அழவில்லை. புருவத்தைச் சுருக்கிப் போனுக்குக் கிட்டப் போனா.

“வகிடு மாறிக் கிடக்கு.”

“என்ன மாமி?” என்றாள் மனைவி.

“வகிடு. அவன் இடப்பக்கம் எடுக்கிறவன். உந்தக் கை வலப்பக்கம் எடுத்து விட்டிருக்கு.” மூச்சு வாங்கினா. “பதினாலு வருசம் அந்த நெத்தியையும் வகிட்டையும்தானே பாத்தனான். எனக்குத் தெரியாதோ. அவன்தான். என்ர பிள்ளைதான்.”

மனைவி அழத் தொடங்கினாள். நானும் அழுதிருக்கலாம், தாய் விடவில்லை.

“பிள்ளை, அந்தக் கமராக்காரப் பிள்ளை, நிக்கிறியோ?”

“நிக்கிறன் அம்மா.”

“நேரடியா எண்டுதானே சொன்னனீங்கள்?”

“ஓம் அம்மா.”

“அப்ப, அண்டைக்கே இதைக் காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பன். ஆரும் ஒராள் போய் மாத்தி இழுத்து விட்டிருக்கும். ஒரு நிமிச வேலை. பெட்டியை மூட முன்னம் என்ர பிள்ளைக்கு நான் தலை இழுத்து விட்டமாதிரி இருந்திருக்கும்.”

நானும்தான் அந்தப் பதினான்கு விநாடியும் அவனைப் பார்த்தேன். சனிக்கிழமை தோறும் என் காரில் பக்கத்தில் இருந்து வந்தவன். வகிட்டைக் காணவில்லை. இமையைப் பார்த்தேன், கூர்மையாக இருக்கிறதா என்று.

“ஐயரை வரச் சொல்லுறன்,” என்று தாய் மருமகளுக்குச் சொன்னா. “முப்பத்தொண்டைச் செய்வம்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “உந்தப் படத்தை அழிச்சுப்போடாதை,” என்றா. பிறகு பெட்டையிடம், “இன்னொருக்காப் போடு.”

பெட்டை போட்டாள். அந்தப் பின்னேரம் ஆறு ஏழு தரம் போட்டிருப்பாள். தொடர்பைத் துண்டிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கை வந்து, மயிரை ஒதுக்கி, வகிட்டை வலப்பக்கமே எடுத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் தாய், “உப்பிடியில்லை, மற்றப் பக்கம்,” என்று சொன்னா, அந்தக் கைக்குக் கேட்கும் என்பது போல.